தென்னந்தோப்பு கற்பித்த துறவு

கவிதை, இயற்கை, பற்றற்ற வாழ்வு ஆகிய மூன்றையும் ஒரே சரத்தில் தொடுத்துப் பேசுவது தமிழாசிரியர்க்குப் பழகிப்போன பணி. முப்பதாண்டுகளுக்கு மேலாக யாமும் அப்பணியைச் செய்திருக்கிறோம். நிலையாமை அதிகாரத்தையும் துறவு அதிகாரத்தையும் பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை எனப் படிப்படியாக நடத்தியிருக்கிறோம். மீலாது விழா மேடைகளிலும் இலக்கிய மன்றக் கூட்டங்களிலும் பற்றினை விடுக என்று முழங்கிவிட்டு, கைத்தட்டலையும் பொன்னாடையையும் மிகுந்த பற்றோடு பெற்றுக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறோம். யாம் கற்பித்த பாடத்தை வாழ்க்கை ஒருநாள் எமக்கே தேர்வாக வைத்தது. அத்தேர்வில் யாம் தேறவில்லை. தேறாத கதையை மாணவச் செல்வங்களுக்கும் உடன்பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் மறைக்காமல் எடுத்துரைப்பதே இம்மலருக்கு யாம் சூட்டத்தக்க மலர் என்று கருதி இதனை எழுதலானோம்.

முதலில் நூல்கள் கூறுவதை நினைவுகூர்வோம்.

புறநானூற்றில் 192ஆம் பாடலாக அமைந்த கணியன் பூங்குன்றனார் பாட்டின் முதலடியை அறியாத தமிழர் இலர். அழைப்பிதழ்களின் தலைப்பிலும் மாநாட்டுப் பந்தல்களின் முகப்பிலும் அது ஒளிர்கிறது. ஆனால் பாட்டு அவ்வடியோடு நின்றுவிடவில்லை. வானம் பொழிய, பாறைகளை மோதி இரைந்து வரும் பேராற்றையும், அதன் நீரோட்டத்தின் வழியே செல்லும் தெப்பத்தையும் புலவர் காட்டுகிறார். உயிரின் போக்கும் அத்தகையதே என்கிறார். அதனைக் கண்டு தெளிந்தமையால் பெரியோரை வியந்து நிற்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிக்கிறார். ஊரையெல்லாம் தன் ஊராகக் கொள்ளும் பரந்த மனம், ஆற்றில் மிதக்கும் தெப்பத்தைக் கண்டு தெளிந்த கண்ணிலிருந்து பிறக்கிறது. பந்தலின் முகப்பில் முதலடியை எழுதுகிறவர்கள் ஆற்றையும் தெப்பத்தையும் பெரும்பாலும் எழுதுவதில்லை.

வள்ளுவப் பெருந்தகை துறவுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார்; அது துறவறவியலில் 35ஆம் அதிகாரமாக இருக்கிறது. ஆயினும் பற்றற்றுக் கொடுத்தலுக்கு அவர் காட்டும் இயற்கைக் காட்சிகளைக் காண நாம் இல்லறவியலுக்குள் செல்ல வேண்டும். ஒப்புரவறிதல் என்னும் 22ஆம் அதிகாரத்தில்தான், உலகிடமிருந்து எதையும் திரும்பப் பெற நினையாமல் பெய்யும் மழையைக் காட்டுகிறார். ஊரின் நடுவே பழுத்து நிற்கும் பயன்மரத்தைக் காட்டுகிறார். தன் உறுப்பெல்லாம் மருந்தாகிப் பிறர்க்குப் பயன்படும் மரத்தைக் காட்டுகிறார். காட்டுக்குப் போனவனுக்கு அன்று, வீடும் மனைவியும் மக்களும் வரவும் செலவும் உடையவனுக்கே இக்காட்சிகள் வைக்கப்பட்டிருக்கின்றன என்பது எண்ணத்தக்கது.

இசுலாமிய நெறியும் இவ்விடத்தில் குறளுக்கு அணித்தாகவே நிற்கிறது. இரவெல்லாம் உறங்காமல் தொழுவேன் என்று ஒருவரும், நாள்தோறும் நோன்பு நோற்பேன் என்று ஒருவரும், மணமே புரியேன் என்று ஒருவரும் உறுதி பூண்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை ஏற்கவில்லை. தாம் தொழுவதும் உறங்குவதும் உண்டு, நோற்பதும் உண்பதும் உண்டு, இல்லறம் நடத்துவதும் உண்டு என எடுத்துரைத்து, தம் வழி அதுவே என்று உணர்த்தினார்கள். அதே பெருமானார் ஒருமுறை பாயில் படுத்து எழுந்தபோது அவர்களின் திருமேனியில் பாயின் தழும்பு பதிந்திருந்தது. மென்மையான விரிப்பு ஒன்றைச் செய்து தரலாமே என்று தோழர்கள் மனம் வருந்திக் கேட்டனர். தமக்கும் இவ்வுலகுக்கும் உள்ள உறவு, மரநிழலில் சிறிது நேரம் தங்கி இளைப்பாறிவிட்டு, அம்மரத்தை விட்டுச் செல்லும் வழிப்போக்கனின் உறவே என்னும் கருத்துப்பட அவர்கள் விடையிறுத்தார்கள்.

அந்த வழிப்போக்கனைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். அவன் நிழலை வெறுக்கவில்லை. வெயிலில் நின்று தன்னை வருத்திக்கொள்ளவும் இல்லை. நிழலின் குளிர்ச்சியை முழுமையாக நுகர்கிறான். ஆனால் மரத்தைச் சுற்றி வேலி எழுப்பவில்லை. புறப்படும் நேரம் வந்ததும் எழுகிறான். அடுத்து வருபவனுக்கு அந்நிழல் அப்படியே இருக்கிறது. முஸ்லிம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் 'அமானிதம்' என்னும் சொல் இதனையே குறிக்கிறது. ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். அதனைப் போற்றிக் காப்பது கடமை. கேட்டபோது முகம் கோணாமல் திருப்பித் தருவதும் கடமை. உடல், உயிர், மக்கள், நிலம், கல்வி யாவும் அமானிதமே என்று எண்ணுபவனிடம் அன்பு குறைவதில்லை. உரிமை கொண்டாடும் பிடி மட்டும் தளர்கிறது.

இக்கருத்தைத் தமிழ்க் கவிதை எவ்வாறு உயிரோவியமாக்கியது என்பதற்கு உமறுப் புலவரிடம் செல்ல வேண்டும். 5027 பாடல்களைக் கொண்ட சீறாப்புராணத்தில் அவர் அரபு நாட்டைப் பாடவந்தபோது, தமிழகத்து மழையையும் ஆற்று வெள்ளத்தையும் நெல்வயலையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். பாலைநிலத்தில் இவை எப்படி வந்தன என்று வகுப்பில் மாணவர் வினவுவதுண்டு. தான் அறிந்த மண்ணின் வழியாகத்தான் மனிதன் அறியாத மண்ணை நேசிக்க இயலும் என்பதே யாம் கூறும் விடை. அந்நூலில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றொரு பகுதி உண்டு. வேடன் ஒருவனிடம் அகப்பட்ட பெண்மான், அவ்வழியே வந்த நபிகள் நாயகத்திடம் முறையிடுகிறது. தன் கன்று பசித்திருக்கும். அதற்குப் பாலூட்டித் திரும்ப விடைபெற்றுத் தர வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். கைப்பட்ட மான் மீண்டு வருவது உலகில் உண்டோ என்று வேடன் நகைக்கிறான். பெருமானார் தாமே பிணை நிற்கிறார்கள். விடுபட்ட மான் தன் கூட்டத்தை அடைகிறது, கன்றுக்குப் பாலூட்டுகிறது. போகாதே என்று சுற்றம் தடுக்கிறது. தனக்காகப் பிணை நின்றவரை எண்ணி அது திரும்பி வருகிறது. கன்றும் உடன் வருகிறது. அக்காட்சியைக் கண்ட வேடனின் நெஞ்சம் மாறுகிறது.

பிணை என்னும் தமிழ்ச்சொல்லுக்குப் பெண்மான் என்பதும் பொருள், ஈடு என்பதும் பொருள். மொழி தானே ஒரு கவிதையைச் செய்து வைத்திருக்கிறது. அந்த மானுக்குப் பற்று இல்லை என்று சொல்ல முடியுமா? கன்றின்மேல் அதற்கிருந்த அன்புதான் அதனை வேண்டவே வைத்தது. மடிப்பால் வற்றக் கொடுத்துவிட்டுத்தான் அது திரும்பிற்று. முழுமையாக அன்பு செய்தலும் குறித்த நேரத்தில் திரும்புதலும் ஓருயிரில் ஒருங்கே நிகழக்கூடும் என்பதை அப்படலம் காட்டுகிறது.

தமிழ் இசுலாமிய ஞானியருள்ளும் இரு வழியினரைக் காண்கிறோம். சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய குணங்குடி மஸ்தான் சாகிபு, 1792இல் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் தோன்றி, இளமையிலேயே வீட்டைத் துறந்து, 1838இல் சென்னையில் மறைந்தார். அவர் பாடல்களில் வறண்டு போன துறவியை நாம் காண்பதில்லை. தாயைத் தேடி அழும் குழந்தையைப்போல் இறைவனை நோக்கிக் கெஞ்சுகின்ற ஒருவரையே காண்கிறோம். தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பாவோ நெசவு செய்து வாழ்ந்தவர் என்பது மரபு. அவருடைய ஞானப்புகழ்ச்சியைத் தக்கலையில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஓரிரவு முழுவதும் மக்கள் கூடியிருந்து பாடுகின்றனர். ஒருவர் வீட்டை விட்டார். மற்றவர் தறியைத் தொட்டுக்கொண்டே இறைவனை நினைத்தார். இருவருமே தம்முடையது என்று எதனையும் முத்திரை குத்தவில்லை.

இவையெல்லாம் யாம் வகுப்பில் சொன்னவை. இனிச் சொல்லப்போவது வகுப்பில் சொல்லாதது.

எம் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலுக்கு அணித்தான சிற்றூர். அங்கே எம் தந்தையார் 1974இல் தம் கையால் நட்டு, குடம் குடமாக நீர் சுமந்து வளர்த்த தென்னந்தோப்பு மூன்று ஏக்கர் பரப்பில் இருந்தது. மரங்கள் 206. யாம் படித்ததும், எம் தங்கையர் இருவர் மணமுடித்துச் சென்றதும், எம் அன்னையாரின் மருத்துவச் செலவும் அத்தோப்பின் காய்களிலிருந்து வந்தவை. கோடையில் விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் அதன் நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு விடைத்தாள் திருத்துவோம். கீற்றுகளின் ஓசையைக் கேட்டபடியே சங்கப் பாடல்களைப் பற்றிய எம் கட்டுரைகள் சிலவற்றை எழுதினோம். இயற்கையை நேசிக்கிறோம் என்று யாம் அந்நாளில் எண்ணியிருந்தோம். எம்முடைய தோப்பைத்தான் நேசித்தோம் என்பது பின்னரே விளங்கிற்று.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16. வெள்ளிக்கிழமை. ரபீஉல் அவ்வல் மாதத்தின் தொடக்க நாள்கள். வீடுகளில் மௌலிது ஓதும் காலம். அன்று அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்திற்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. தென்னைக்கு ஆணிவேர் இல்லை. சல்லிவேர்களே அதனைத் தாங்குகின்றன. ஈரம் ஊறிய மண்ணில், தலையில் மட்டைகளையும் குலைகளையும் சுமந்துகொண்டு நின்ற மரங்களைக் காற்று பிடித்து உலுக்கியபோது சில வேரோடு பெயர்ந்தன. சில நடுவில் திருகி முறிந்தன. பனைகள் பெரும்பாலும் நின்றன.

விடிந்ததும் தோப்புக்குச் சென்றோம். வழி தெரியவில்லை, விழுந்த மரங்களின்மேல் ஏறி இறங்கித்தான் செல்ல முடிந்தது. உள்ளே நின்றபோது யாம் முதலில் உணர்ந்தது வெளிச்சத்தை. நாற்பத்து நான்கு ஆண்டுகளாக நிழலாயிருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. 9 மரங்கள் நின்றன. 197 மரங்கள் கிடந்தன. நிலையாமையைப் பல்லாண்டுகள் விளக்கிய எம் வாய் அப்போது ஒரு சொல்லும் சொல்லவில்லை. விரல்கள் கணக்குப் போட்டன. மரத்துக்கு ஆண்டொன்றுக்கு இத்தனை காய், காய்க்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கிக்கொண்டே போய், பெருக்கல் நெஞ்சை அடைத்தபோது ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்து அழுதோம்.

எண்பது வயதான எம் தந்தையார் பின்னால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்கள். தோப்பை ஒருமுறை முழுவதும் பார்த்தார்கள். இழப்பு நேரும்போது முஸ்லிம்கள் வழக்கமாகச் சொல்லும், யாவும் இறைவனுடையவை, அவனிடமே மீளுதல் உண்டு என்னும் பொருளுடைய அரபுச் சொற்களைத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். பிறகு, "ஊரில் ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகலையே?" என்று கேட்டார்கள். அக்கேள்வி எம் உள்ளத்தில் அதுவரை எழவே இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

மின்சாரம் நின்றுபோயிற்று. மோட்டார்கள் ஓடவில்லை, குடிநீர்க் குழாய்கள் வறண்டன. விழுந்த மரங்களில் இளநீர்க் குலைகள் கிடந்தன. அவற்றைத் திரட்டி வைத்தால் வண்டி வந்ததும் விற்றுவிடலாம் என்று யாம் சொன்னோம். தந்தையாரோ அரிவாள் கொண்டுவரச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த மக்களுக்கு அத்தனையையும் வெட்டிக் கொடுக்கச் செய்தார்கள். அதன்பின் குளித்து, துவைத்த வேட்டி கட்டி, சாய்ந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஜும்ஆத் தொழுகைக்குச் சென்றார்கள். யாமும் உடன் சென்றோம். தொழுகையில் எம் உடல் நின்றது. மனம் தோப்பில் கிடந்தது.

உண்மையான தேர்வு அதன்பிறகே வந்தது. அரசு நிவாரணம் அறிவித்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அறுத்து அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய். மரங்களைக் கணக்கெடுக்க அலுவலர்கள் வந்தார்கள். எம் தோப்பின் மேற்கு எல்லையை அடுத்த நிலம் கணவரை இழந்த ஓர் அம்மையாருடையது. அவருடைய கணவரும் எம் தந்தையாரும் அண்ணன் தம்பிபோல் பழகியவர்கள். அவர் மறைந்த பின், அந்த எல்லையை ஒட்டி நின்ற 11 தென்னைகளின் பறிப்பையும் பராமரிப்பையும் எம் வீட்டாரே கவனித்து, அம்மையாருக்கு உரிய பங்கை அவ்வப்போது கொடுத்து வந்தோம். மரங்கள் நின்றவரை அவை யாருடையவை என்னும் வினாவே எழுந்ததில்லை. அவையும் புயலில் விழுந்து கிடந்தன. அம்மையார் மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தார்.

"இவை யாருடைய மரங்கள்?" என்று அலுவலர் கேட்டார். "எங்களுடையவைதாம்" என்றோம் யாம்.

அச்சொல் எவ்வளவு எளிதாக வந்தது என்பதை நினைக்கும்தோறும் இன்றும் நாணுகிறோம். அதைப் பொய் என்றும் அப்போது எண்ணவில்லை. இத்தனை ஆண்டுகள் நீர் விட்டவர் யார், உரமிட்டவர் யார் என்று மனம் உடனே ஓர் உரைவிளக்கம் எழுதிவிட்டது. உரை எழுதப் பழகிய மனமல்லவா? 11 மரங்களுக்கு 12,100 ரூபாய். அத்தொகைக்கு அன்று யாம் எம் முப்பதாண்டுப் பாடத்தை விற்றோம்.

வேப்பமரத்தடியில் நாற்காலியில் அமர்ந்திருந்த தந்தையார் இதனைக் கேட்டார்கள். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, அந்த மரங்களோட நிழல்தான் நம்ம பக்கம் விழுந்துச்சு. வேர் அவங்க மண்ணுல இருந்துச்சு. தங்கச்சி பேரில் எழுதச் சொல்லு" என்றார்கள். அலுவலர் எம்மைப் பார்த்தார். யாம் நிலத்தைப் பார்த்தோம். அம்மையாரின் பெயரில் 11 மரங்கள் எழுதப்பட்டன. அவர் திரும்பி வந்ததும் தந்தையாரே அவர் வீட்டுக்குச் சென்று, இன்ன இடத்தில் கையொப்பமிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். எம்மைக் கடிந்து பின்னரும் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

அன்றிரவு, சிம்னி விளக்கின் ஒளியில், மானுக்குப் பிணை நின்ற படலம் எம் நினைவுக்கு வந்தது. பல முறை நடத்திய படலம். வேடனின் ஐயம், மானின் பேச்சு, உவமைநயம், சொல்லாட்சி யாவற்றையும் மாணவர்க்கு எடுத்துக்காட்டியிருக்கிறோம். யாரும் பார்க்காத காட்டில், சுற்றமெல்லாம் தடுக்க, தன்னைக் கட்டிய கயிறு அறுந்திருந்தும், அந்த மான் ஏன் திரும்பிற்று என்னும் வினாவை எம்மை நோக்கி ஒருமுறையேனும் கேட்டுக்கொண்டதில்லை. தந்தையார் சீறாப்புராணத்தை ஏட்டில் படித்தவரல்லர். இளமையில் பெரியவர்கள் பாடக் கேட்டவர்கள், அவ்வளவே. ஆனால் அம்மானின் பாதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விழுந்த மரங்களை அறுத்து அகற்றவே பல மாதங்களாயின. 2019ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கியபோது மீண்டும் கன்று நட வேண்டும் என்றார்கள் தந்தையார். அப்போது அவர்களுக்கு 81 வயது. மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும் ஒட்டுரகக் கன்றுகளை நடலாம், தாங்களே காய் பறித்துப் பார்க்கலாமே என்று யாம் சொன்னோம். அவர்கள் நாட்டு நெட்டையையே கேட்டார்கள். நெட்டை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆனால் அறுபது ஆண்டுகளுக்குக் குறையாமல் பலன் தரும். "நான் பறிக்கவா நடுறேன்?" என்று சிரித்தார்கள்.

உலக முடிவு நாளே வந்துவிட்டாலும், ஒருவர் கையில் ஈச்சங்கன்று இருந்து, நட்டுவிட முடியுமாயின் நட்டுவிடட்டும் என்னும் கருத்துடைய நபிமொழியை யாம் பலமுறை மேடையில் விளக்கியதுண்டு. அதன் பொருளை அந்தக் குழிகளின் ஓரத்தில்தான் கண்டோம். காய்க்கும் என்னும் உறுதி இல்லை; இருந்து காண்போம் என்னும் எதிர்பார்ப்பும் இல்லை. ஆயினும் குழியின் ஆழம் மூன்றடிக்கு ஒரு விரற்கடை குறையவில்லை. மணலும் தொழுவுரமும் சரியான அளவில் கலந்திருக்கின்றனவா என்று கையால் அள்ளிப் பார்த்தார்கள். பலனில் பற்று விட்டவர் பணியில் கவனம் விடுவார் என்று நினைத்திருந்தோம். பலனைப் பற்றிய கவலை நீங்கிய கை இன்னும் செம்மையாக வேலை செய்வதை அங்கே கண்டோம். நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தருமமாக எழுதப்படும் என்பதும் நபிமொழியே. எலி கடித்த குரும்பைகளைக் கண்டு யாம் வைதபோதெல்லாம், "அதுவும் நம்ம கணக்குல வரவுதான்" என்பார்கள்.

2022ஆம் ஆண்டில் எம் தந்தையார் இறையடி சேர்ந்தார்கள். கன்றுகள் அப்போது ஆளுயரத்தைத் தாண்டியிருந்தன. 2025ஆம் ஆண்டில் சில மரங்கள் முதற்பாளை விட்டன. முதலில் இறக்கிய குலையை எல்லைக்கு அப்பால் உள்ள அம்மையாரின் வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். அவர் ஓர் இளநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, "அண்ணன் வச்ச மரம்" என்று மட்டும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நிலத்திலும் அரசு கொடுத்த தொகையில் நட்ட கன்றுகள் நிற்கின்றன. அவற்றின் நிழல் இப்போதும் எம் பக்கம் விழத் தொடங்கியிருக்கிறது.

இந்த வாழ்க்கைப் பாடத்திலிருந்து யாம் தெளிந்தவற்றை மாணவச் செல்வங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இயற்கை நமக்குப் பாடம் நடத்துகிறது என்று எளிதாக எழுதிவிடுகிறோம். புயல் எவருக்கும் பாடம் நடத்துவதற்காக வீசுவதில்லை. ஒரே புயலில் விழுந்த ஒரே தோப்பைத் தந்தையும் மகனும் பார்த்தோம். ஒருவர் அமானிதம் திரும்பியதைக் கண்டார், மற்றவர் 12,100 ரூபாயைக் கண்டார். காண்பதற்குக் கண்ணைப் பழக்க வேண்டியிருக்கிறது. அப்பழக்கத்தைத் தருவது கவிதை. பூங்குன்றனாரின் தெப்பத்தையும் வள்ளுவரின் மழையையும் உமறுவின் மானையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு ஆற்றையும் வானையும் காட்டையும் பார்ப்பவனுக்கே அவை பேசும். ஆனால் கவிதையை மதிப்பெண்ணுக்காகவும் மேடைக்காகவும் மட்டும் படித்தால் அது கண்ணுக்குள் இறங்குவதில்லை என்பதற்கு யாமே சான்று.

பற்றின்மையை அளந்தறிய மலைக்குகையும் காவியுடையும் தேவையில்லை. 'இது யாருடையது?' என்று ஒருவர் கேட்கும்போது நம் வாயிலிருந்து முதலில் வரும் சொல்லே அளவுகோல். பாகப்பிரிவினையின்போது, எல்லைக்கல் நடும்போது, உடன் படிக்கும் நண்பனின் உழைப்புக்கு நமக்குப் பாராட்டுக் கிடைக்கும்போது, பொதுப்பணம் நம் கையில் இருக்கும்போது அவ்வினா எழும். அப்போது உண்மையான விடையைச் சொல்பவன், வீட்டில் இருந்தாலும் துறவியே. அவனால் தோப்பு வைக்கவும் இயலும், தோப்பை இழக்கவும் இயலும், மறுபடி குழி வெட்டவும் இயலும்.

யாம் இப்போது பணி ஓய்வு பெற்று ஊரிலேயே இருக்கிறோம். மாலைத் தொழுகைக்குமுன் தோப்பில் சிறிது நேரம் அமர்வது வழக்கம். இளந்தென்னைகளின் நிழல் இன்னும் கட்டில் போடும் அளவுக்கு விரியவில்லை. விரியும் நாளில் யாம் இருப்போமோ, அறியோம். பாங்கொலி கேட்டதும் எழுந்து, சாய்ந்து கிடக்கும் மட்டைகளை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, பள்ளிவாசலுக்கு நடக்கிறோம். அப்படி எழுந்து நடக்கும் எளிமையை இறுதி நாளிலும் எமக்கும் உங்களுக்கும் வல்ல இறைவன் அருள்வானாக!